இராயப்பர் நாற்காலி

வலது காலைத்தான் நீட்டணும். கோயில்பிள்ளை வியாகுலம் நேத்து ஒத்திகையில தொண்டை கிழியக் கத்திட்டான், "வலது கால், வலது கால், எவனாவது இடது காலைத் தூக்கினா சாமி முன்னால அசிங்கமாப் போயிரும்"னு. போன வருஷம் ஒருத்தன் ரெண்டு காலையும் தூக்கித் தாம்பாளத்தில வச்சிட்டானாம், குளிக்க வந்தவன் மாதிரி. எல்லாரும் சிரிச்சோம். நானும்தான் சிரிச்சேன். நேத்து சிரிச்ச வாய் இன்னைக்கு ஒட்டிப்போய்க் கெடக்கு. இந்த வெள்ளை அங்கிக்குள்ள முதுகெல்லாம் வேர்வை ஓடுது. நல்லவேளை அங்கி நீளம், பாதத்தை மூடிக்கிட்டு நிக்குது. மூடியிருக்குற வரைக்கும் நான் ரொட்டிக்கடை மனுவேல், பெரிய வியாழக்கிழமை பூசையில, சேசுவோட சீடர் பன்னிரண்டு பேர்ல தலையாளு இராயப்பர் நாற்காலியில உக்காந்திருக்குற மரியாதைப்பட்ட மனுஷன். தூக்கிட்டா? தூக்கிட்டா வலது கால் சுண்டுவிரலுக்கு மேல நாவப்பழம் தண்டிக்கு ஒரு கொப்புளம், அதைச் சுத்தி வெளிறிப்போன தேமல், சபை மொத்தமும் பாக்கும். காலைக் கழுவுற சாமியாரு பாப்பாரு, என் வீட்டுக்காரி ரெஜினா பாப்பா, பக்கத்தில உக்காந்திருக்குற கஸ்பார் அண்ணாச்சி பாப்பாரு. கொப்புளம் யாருக்குத்தான் வராது, வரட்டும். ஆனா இது வலிக்கல. அதான் சங்கதி. கொஞ்சம்கூட வலிக்கல.

கால் கழுவுற சடங்குக்கு எவன்தான் அழுக்குக் காலோட வருவான்? எங்க ஊர்ல அப்போஸ்தலரா உக்கார ஆள் எடுத்திட்டாங்கன்னா போதும், வீட்டில அன்னைக்குக் காலுக்குத்தான் கல்யாணம். நகம் வெட்டி, குதிகால் வெடிப்பைக் கல்லு வச்சுத் தேய்ச்சு, சோப்புப் போட்டு, பவுடர் போட்டு, கழுவின காலைக் கொண்டுவந்து கழுவுங்க சாமின்னு நீட்டுறது. ஆண்டவர் அன்னைக்குத் தன் சீடருக்குக் கழுவினது செம்படவங்க காலு, புழுதியும் சகதியுமாத்தான் இருந்திருக்கும். எங்க காலு மணக்கும். இன்னைக்கு மத்தியானம் ரெஜினா பெரிய பானை நிறைய வெந்நீர் போட்டுக் குளியலறையில வச்சா. விளாவிக்கோங்கன்னு சொன்னாளாம், எனக்குக் காதில விழல, எனக்கு அப்போ வேற யோசனை. முக்காலியில உக்காந்து, மக்கில மொண்டு வலது கால்ல ஊத்தினேன். ஊத்தித் தேய்ச்சேன். இன்னொரு மக்கு ஊத்தினேன், நல்லா இதமா இருக்கேன்னு நெனச்சேன்னா பாத்துக்கோங்க. அப்புறம் இடது கால்ல ஊத்தினேன். ஐயோ அம்மான்னு கத்தின கத்தில மக்கு பறந்து போயிருச்சு. ரெஜினா வெளியில நின்னு "என்ன, என்ன"ன்னு கதவைத் தட்டுறா. "ஒண்ணுமில்லடி, சுடுதண்ணி"ங்கறேன். குனிஞ்சு பாக்கேன், வலது கால் வெந்து சிவந்து கெடக்கு. என் கால்தான். என் உடம்புலதான் ஒட்டிக்கிட்டு இருக்கு. ஆனா யாரோ ஒருத்தன் காலை நான் வேகவச்ச மாதிரி இருந்திச்சு.

சாமி எழும்பிட்டாரு. மேலங்கியைக் கழட்டிட்டாரு, இடுப்புல துண்டைக் கட்டுறாரு. பாட்டுக்காரங்க ஆரம்பிச்சிட்டாங்க. டெரன்ஸ் சாமி போன ஆவணியிலதான் எங்க பங்குக்கு வந்தாரு, சின்ன வயசு, மீசைகூட இன்னும் நல்லா மொளைக்கல, வந்ததில இருந்து எல்லாத்தையும் மாத்துறாரு. எப்பவும் இராயப்பர்ல தொடங்கி யூதாஸ்ல முடிக்கிறதுதான் வழக்கம். இவரு, "இந்த வருஷம் யூதாஸ்ல இருந்து தொடங்குவோம், ஆண்டவர் அவன் காலையும் கழுவினாரே, அவனை ஏன் கடைசியில தள்ளணும்"னுட்டாரு. யூதாஸ் நாற்காலிக்கு ஆள் கெடைக்கிறது குதிரைக் கொம்பு, ஆனா ரிட்டயர்டு போஸ்ட் மாஸ்டர் மட்டும் வருஷா வருஷம் தானா வந்து உக்காந்திருவாரு, கேட்டா, "யூதாஸா இருந்தா என்ன, ஃபேனுக்கு நேரா இருக்கே"ம்பாரு. இப்போ அவர் கால்ல தண்ணி விழுது. அங்கருந்து இங்க வரணும். நான்தான் கடைசி. முதல் ஆளா இருந்திருந்தா இந்நேரம் எல்லாம் முடிஞ்சிருக்கும், தலை போனா போயிருக்கும். இப்போ பாருங்க, ஒவ்வொரு காலா, ஒவ்வொரு காலா என்னைப் பாத்து வருது. வியாகுலம் செம்பைச் சாய்க்கிறான், சாமி மண்டி போட்டுக் கழுவுறாரு, துடைக்கிறாரு, குனிஞ்சு முத்தம் குடுக்காரு. முத்தம் வேற. அதையும் ஒத்திகையில சொன்னான், "காலை வெடுக்குனு இழுத்திராதீங்க, கூச்சமா இருந்தாலும் பல்லைக் கடிச்சுக்கோங்க"ன்னு. எனக்குக் கூசாது வியாகுலம், அந்தக் கவலை உனக்கு வேண்டாம்.

உப்பு போட்டேனா? இது வேற நடுவுல. காலையில இருந்து இந்த ஒண்ணு தலைக்குள்ள ஈ மாதிரி சுத்திக்கிட்டு இருக்கு. அந்தா ஓரத்தில மேசை மேல வெள்ளைத் துணி போட்ட கூடையில இருக்கு, நான் சுட்ட பன். எங்க கோயில்ல வழக்கம் அது, கால் கழுவி முடிஞ்ச உடனே சாமி ஆளுக்கொரு பன் குடுப்பாரு, நாங்க அதைப் பிட்டுப் பக்கத்தில இருக்குறவனுக்குக் குடுக்கணும். குடுக்கிறதோட சரி, திங்கக்கூடாது. பூசை முடிவுல சாமி குடுக்குற நற்கருணை அப்பத்தை வாங்குறதுக்கு முந்தி வாயில ஒண்ணும் படக்கூடாது, பட்டா அன்னைக்கு நற்கருணை கெடையாது. மடியில வச்சுக்கிட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளை குட்டிக்குக் குடுத்துத் திங்கணும். கஸ்பார் அண்ணாச்சி இதில ரொம்பக் கறாரு. பெரிய வியாழன்னா மத்தியானத்தில இருந்தே வெத்திலைகூடத் தொடமாட்டாரு, எவனாவது கோயிலுக்குள்ள மிட்டாய் சப்பினா காதைத் திருகிருவாரு. அவர் டீக்கடைக்கு என் கடையில இருந்துதான் பன் போவுது, எத்தனையோ வருஷமாப் போவுது, ஒரு நாளாவது நல்லா இருக்குன்னு சொன்னதுண்டா? வேகலம்பாரு, கருகிப்போச்சும்பாரு, "சீனி விலை குறைஞ்சிருச்சோ, இப்படி இனிக்கு"ம்பாரு. ஆனா மறுநாளும் வாங்குவாரு. இன்னைக்குக் காலையில மாவு பெசையும்போது என் புத்தி மாவில இல்ல. செருப்புல இருந்திச்சு. விடியக்காலம் கடைக்கு நடந்து வாரேன், மாதா குருசடிகிட்ட வந்து பாத்தா ஒத்தக் கால்ல செருப்பு இல்ல. எங்க கழண்டிச்சு? தெரியல. வெறுங்காலோட எவ்வளவு தூரம் வந்தேன்? தெரியல. திரும்பிப்போய்த் தேடினா, ரெண்டு தெரு தள்ளிக் கெடக்கு, அனாதையா. அதை நெனச்சுக்கிட்டே மாவு பெசைஞ்சேன், ஈஸ்ட் போட்டேன், சீனி போட்டேன், எண்ணெய் விட்டேன். உப்பு போட்டேனா?

இது சக்கரை வியாதியா இருக்கக்கூடாதா? சேசுவே, சக்கரையாக் குடும். ஊர்ல அவனவன் சக்கரை வேண்டாம் வேண்டாம்னு அழுறான், நான் ஒருத்தன் கேட்டு வாங்க நிக்கேன், குடுத்தாத்தான் என்னவாம்? கஸ்பார் அண்ணாச்சிக்குச் சக்கரைதான், அவருக்கும் கால் மரத்துப்போவும், ராத்திரி எரியும், ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு அலையுவாரு, என்னமோ பட்டம் வாங்கின மாதிரி. சக்கரையை யாருகிட்ட வேணும்னாலும் சொல்லலாம். ஆனா சக்கரைக்குத் தேமல் வராது. எனக்குத் தெரியும். ஆறேழு மாசமாத் தெரியும். முதல்ல ஒரு ரூவாத் துட்டு அளவுக்கு இருந்திச்சு, வெயில்ல வந்திருக்கும்னு நெனச்சேன். ஊசி வச்சுக் குத்திப் பாத்தேன் ஒரு நாள், கதவைத் தாப்பா போட்டுக்கிட்டு. ரத்தம் வந்திச்சு, வலி வரல. மாசி மாசம் ஆரம்ப சுகாதார நிலையத்தில இருந்து ஒரு நர்சம்மா வீடு வீடா வந்து கேட்டா, "உடம்புல உணர்ச்சி இல்லாத தேமல் ஏதாவது இருக்கா அண்ணாச்சி, மறைக்காதீங்க, இப்போல்லாம் மாத்திரை தின்னா சரியாப் போயிரும், ஓசிதான், தின்ன ஆரம்பிச்சிட்டா யாருக்கும் தொத்தாது"ன்னா. "நம்ம வீட்டில அதெல்லாம் கெடையாதும்மா"ன்னு சொல்லிட்டு ரெண்டு பன் பொட்டலம் கட்டிக் குடுத்து அனுப்பினேன். நம்ம வீட்டில கெடையாதாம். மாத்திரை தேமலுக்குத்தான். ரொட்டிக்கடைக்காரனுக்கு இந்த வியாதின்னு காதில விழுந்தா எவன் பன் வாங்குவான்? நான் மாவு பெசைஞ்ச கை, நான் உருட்டின உருண்டை. சீக்காளி சுட்ட பன்னுன்னு நாய்க்குக்கூடப் போடமாட்டான். எந்த நர்சு வந்து தெருத்தெருவா விளக்கம் சொல்லுவா?

தோமையார் கால்ல தண்ணி விழுது இப்போ. தோமையாரா இருக்குறது லேத் பட்டறைக்காரரு, காலைக் கூச்சத்தில நெளிக்கிறாரு. கூசட்டும், குடுத்து வச்ச மனுஷன். நம்ம வீட்டில கெடையாதுன்னு சொன்னேனே, அமலோற்பவம் அத்தை நம்ம வீடு இல்லையா? எங்க அப்பாவோட கூடப்பொறந்த தங்கச்சி. எப்பவும் சிரிச்ச முகம், கோயில்ல தேவதாய் பாட்டை அவதான் எடுத்துக் குடுப்பாளாம். அவளுக்குக் கன்னத்தில வந்திச்சு, அப்புறம் விரல் மடங்கிச்சு. ஒரு நாள் கருக்கல்ல அப்பா அவளைக் கூட்டிக்கிட்டுப் போயி, எங்கயோ தூரத்தில சிஸ்டர்மார் நடத்துற தொழுநோய் ஆஸ்பத்திரியில விட்டுட்டு வந்திட்டாரு. ஊருக்கு என்ன சொன்னாரு? அமலோற்பவம் கன்னியாஸ்திரி மடத்தில சேந்திட்டான்னு சொன்னாரு! ஊரே நம்பிச்சு. கோயில்ல எங்க அப்பாவுக்கு முன்பெஞ்சு. சாமியாரு ஞாயித்துக்கிழமை பிரசங்கத்தில எங்க குடும்பத்தைச் சொல்லி, இப்படியில்லா பிள்ளை வளக்கணும்னாரு. பொய்யும் முழுப் பொய் இல்ல, அவ சிஸ்டர்மார் கூடத்தானே இருந்தா. ஒரு கிறிஸ்மசுக்கு முந்தி அப்பா என்னையும் கூட்டிட்டுப் போனாரு. காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி நிக்கா, தலையில முக்காடு. நான் அத்தைன்னு ஓடினேன். "கிட்ட வராத மனுவேலா, அங்கேயே நில்லு ராசா"ன்னா. அவதான் சொன்னா. அப்பா கொண்டுபோன கருப்பட்டி மிட்டாய்ப் பொட்டலத்தைச் சுவர் மேல வச்சாரு. வச்சிட்டு, என் கையைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னால, பின்னால வந்தாரு. நாங்க தள்ளிப் போனதுக்கு அப்புறம்தான் அவ வந்து எடுத்தா. எடுத்து நெஞ்சோட வச்சுக்கிட்டு எங்களைப் பாத்துச் சிரிச்சா. செத்தப்போ எங்க கோயில்ல சிஸ்டர் அமலோற்பவம் ஆத்துமா இளைப்பாத்திக்குன்னு பாட்டுப்பூசை வச்சாங்க. எங்க அப்பா பூசை முழுக்கத் தலை நிமிரல. எனக்கு அந்தச் சுவர் கண்ணை விட்டுப் போவல. எனக்கும் ஒரு சுவர் எவனோ எங்கயோ கட்டி வச்சிருக்கான்னுதான் இந்த ஆறேழு மாசமா நெனச்சுக்கிட்டுக் கெடக்கேன்.

அவளுக்குப் புண்ணைக் கழுவிக் கட்டுப்போட்ட சிஸ்டர்மார் யாரைக் கும்பிட்டாங்க? சேசுவைத்தான். மிட்டாயைச் சுவர்ல வச்சிட்டுப் பின்னால நடந்த எங்க அப்பா யாரைக் கும்பிட்டாரு? அதே சேசுவைத்தான். இதை என்னன்னு சொல்றது? சின்ன வயசில மறைக்கல்வியில சொல்லிக் குடுத்திருக்காங்க, ஒரு தொழுநோயாளி வந்து, நீரு மனசு வச்சா என்னைச் சுத்தமாக்கலாம்னு சொன்னானாம். ஆண்டவர் தூர நின்னே போ, சுகமாகுன்னு சொல்லியிருக்கலாம்லா? செத்தவனையே வாயால கூப்பிட்டு எழுப்பினவர்தானே? அவரு கையை நீட்டித் தொட்டாரு. ஏன் தொட்டாரு? எனக்கு இப்போதான் படுது, அவனுக்கு வியாதியைவிட, யாரும் தொடாம இருந்ததுதான் பெரிய நோவு. தொட்ட உடனே அவனுக்குத் தொட்டது தெரிஞ்சிருக்குமா? மரத்துப்போன இடத்தில தொட்டிருந்தா? இதெல்லாம் எந்த உபதேசியார்கிட்ட கேக்க முடியும்? ஒரு ராத்திரிச் சாப்பாட்டுக்கு நடுவுல ஒரு தச்சன் மவன் துண்டைக் கட்டிக்கிட்டுக் குனிஞ்சாரு, அவ்வளவுதான் நடந்தது. மறுநாள் அவரைக் கொன்னுட்டாங்க. கொன்னு எத்தனை ராஜா வந்தான், எத்தனை ராஜா போனான், இன்னும் வருஷா வருஷம் ஊரு ஊருக்கு ஒருத்தன் துண்டைக் கட்டிக்கிட்டுக் குனியுதான். எங்க ஊர்லயும் குனியுதாரு, மீசை மொளைக்காத ஒரு பையன், பிலிப்பு காலைத் துடைச்சிட்டு எழும்பி, முழங்காலைத் தடவிக்கிட்டு, அடுத்த நாற்காலிக்கு வாராரு. இங்க வராதீரும். சேசுவே, இங்க மட்டும் வராதீரும்.

என்ன செய்யலாம்? மயக்கம் வந்த மாதிரி சாயலாம். சாஞ்சா தூக்குவாங்க, தூக்கினா அங்கி விலகும். இடது காலை நீட்டலாம். நீட்டினா வியாகுலம் "வலது, வலது"ன்னு கண்ணைக் காட்டுவான், ஊரே சிரிக்கும், சிரிச்சிட்டு வலது காலைத்தான் கேக்கும். சாமி சட்டையில காலர் மைக்கு வேற மாட்டியிருக்கு, தண்ணி சொட்டுற சத்தம்கூட ஊரெல்லாம் கட்டியிருக்குற ஸ்பீக்கர் குழாயில கேக்குது, நான் குசுகுசுன்னு ஒரு வார்த்தை சொன்னாலும் கடற்கரை வரைக்கும் போவும். எழும்பி நடந்திரலாமா? இந்த அங்கியோட எங்க நடக்க? ரெஜினா பொம்பளைங்க பக்கம் இரண்டாவது வரிசையில இருக்கா, நல்ல சேலை கட்டியிருக்கா, என்னையே பாத்துக்கிட்டு இருக்கா. பெருமை அவளுக்கு. மனுவேல் வீட்டுக்காரி, இராயப்பர் வீட்டுக்காரி. யாகப்பர் ஆச்சு. அருளப்பர் ஆச்சு. கஸ்பார் அண்ணாச்சி காலுக்கு வந்திட்டாரு. அண்ணாச்சி தன் காலைத் தாம்பாளத்துக்கு மேல நீட்டி, "மெள்ளச் சாமி, சக்கரைக் காலு"ன்னாரு. அது குழாயில கணீர்னு கேட்டிச்சு, சபையில லேசாச் சிரிப்பு. பாத்தீங்களா, எவ்வளவு லேசாச் சொல்லிட்டாரு. எனக்கு அழுகை வந்திட்டு.

இந்தா, மண்டி போட்டுட்டாரு. எனக்கு முன்னால. தாம்பாளத்தை நகத்துறான் வியாகுலம். சாமி கையை நீட்டுறாரு, காலைக் குடுங்கன்னு. அந்தக் கையைப் பாக்கேன். சின்னக் கை, தண்ணியில ஊறி விரல் நுனியெல்லாம் சுருங்கிப்போய் இருக்கு. நான் காலை நாற்காலிக்கு அடியில இழுத்துக்கிட்டேன். என்னை அறியாம இழுத்துக்கிட்டேன். "வேண்டாம் சாமி." குழாய் அதை ஊரெல்லாம் சொல்லிச்சு. அப்புறம் பொம்பளைங்க பக்கம் ஒரு உச்சுக் கொட்டல், ஆகா, வேதத்தில இராயப்பர் கழுவ வேண்டாம்னு சொன்னாருல்லா, அதே மாதிரி சொல்லுதாரு பாரு, நெஞ்சைத் தொடுது பாருன்னு. நான் நடிக்கேன்னு நெனச்சிட்டாங்க! சாமியும் அப்படித்தான் நெனச்சாரு. அவருக்கு முகம் மலர்ந்து போச்சு, ஒத்திகையில இல்லாததை நான் சேத்திட்டேன்னு. சிரிச்சுக்கிட்டே, மைக்குல எல்லாருக்கும் கேக்குற மாதிரி, "உங்க காலைக் கழுவலைன்னா எனக்கும் உங்களுக்கும் பங்கே இல்லாமப் போயிருமே"ன்னாரு. ஆண்டவர் இராயப்பர்கிட்ட சொன்னது அது. "நெசமாத்தான் சாமி"ன்னேன். என் மூஞ்சியைப் பாத்தாரு. சிரிப்பு நின்னுச்சு. கை தானாப் போயி மைக்கை அமத்திச்சு. பாட்டும் அப்போ பாத்து ஒரு அடி முடிஞ்சு நிக்குது. ஃபேன் சத்தம் மட்டும்தான். அந்த நேரம் நான் சொன்னேன், சொல்லக்கூடாதுன்னு நெனச்சதெல்லாம் வாயில இருந்து தானா வருது. "அந்த இடத்தில எனக்குத் தொட்டாத் தெரியாது சாமி. தேமல். எங்க அத்தைக்கு இருந்த வியாதிதான். அவ கன்னியாஸ்திரியாப் போவல, ஆஸ்பத்திரியிலதான் கெடந்து செத்தா. நீங்க தொடாதீங்க." சொல்லிட்டேன். பக்கத்தில கஸ்பார் அண்ணாச்சி துண்டால காலைத் தொட்டுத் தொட்டுத் துடைச்சுக்கிட்டு இருந்தவரு கையை அப்படியே நிறுத்திட்டாரு. அவர் கேட்டுட்டாரு. எனக்குத் தெரியும், அவர் காது ரொம்பக் கூர்மை.

சாமி கை பின்னால போச்சு. நான் பாத்தேன். கொஞ்சம்தான், ஒரு சாண்கூட இருக்காது, ஆனா போச்சு. கண்ணுல பயம். சின்னப் பையன்தானே, அவனுக்கும் அம்மா அப்பா இருப்பாங்க. எனக்கு அவர் மேல கோவமே வரல. எங்க அப்பா பின்னால நடந்தாரே, அதே கை. சரி, ஆச்சு, முடிஞ்சு போச்சு, இனி அவரு எழும்பிப் போயிருவாருன்னு நான் அங்கியை இழுத்து மூடினேன். அவரு எழும்பல. தாம்பாளத்தில இருந்த தண்ணியைப் பாத்துக்கிட்டே இருந்தாரு. அப்புறம் ரெண்டு கையாலயும் என் கணுக்காலைப் பிடிச்சு, நாற்காலிக்கு அடியில இருந்து காலை மெள்ள இழுத்து எடுத்தாரு. அங்கி விலகிச்சு. கொப்புளம், தேமல், பவுடர் போட்டுக் கழுவி வச்சிருந்த என் காலு, எல்லாம் வெளிச்சத்தில கெடந்திச்சு. வியாகுலம் செம்பைச் சாய்க்காம நின்னுட்டான். சாமி அவன்கிட்ட இருந்து செம்பை வாங்கித் தானே ஊத்தினாரு, கொப்புளம் உடையாம, ஓரமா. கையால தேமலைத் தடவிக் கழுவினாரு. துண்டை ஒத்தி ஒத்தி எடுத்தாரு. குனிஞ்சாரு. அவர் உதடு அந்த வெளிறின இடத்தில பட்டதை நான் கண்ணால பாத்தேன். பாக்கத்தான் செஞ்சேன், தெரியல. எனக்கு ஒண்ணுமே தெரியல. ஆனா கணுக்காலை அவரு பிடிச்சிருந்த இடம் இன்னும் என்னோடதுதான், அங்க தெரிஞ்சிச்சு. அவர் கை நடுங்கிச்சு, விடாம நடுங்கிச்சு. நடுங்கிக்கிட்டே விடாமப் பிடிச்சிருந்திச்சு. அது எனக்கு எலும்பு வரைக்கும் தெரிஞ்சிச்சு. நிமிந்து மெதுவாச் சொன்னாரு, "எனக்கும் பயமாத்தான் இருக்கு அண்ணாச்சி. சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு நானும் கூட வாரேன்." மைக்கைத் திரும்பப் போட்டாரு, எழும்பினாரு, சடங்குப்படி கையைக் கழுவப் போனாரு. பாட்டு அடுத்த அடிக்குப் போயிருச்சு. ரெஜினா கண்ணைத் துடைச்சுக்கிட்டு இருந்தா. அவளும் என் நடிப்பைப் பாத்துத்தான் அழுறா, பாவி மக, வீட்டுக்குப் போனதும் அவகிட்டயும் இதைச் சொல்லணும்.

கஸ்பார் அண்ணாச்சி பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் வரல. சாமி கேட்டது வேற, அவரு குருவானவரு, அவருக்கு அதுதான் வேலை. அண்ணாச்சி டீக்கடைக்காரரு. தினமும் அவர் கண்ணாடிப் பெட்டியில என் பன் அடுக்கி இருக்கும், ஊரே அங்க நின்னுதான் திங்குது. அவரு வேண்டாம்னுட்டா ஊருக்கே நான் வேண்டாம். அவரு ஒரு வார்த்தை பேசவும் வேண்டாம், நாளைக்கு அந்தப் பெட்டி காலியா இருந்தாப் போதும். அவரு நேரே பீடத்தைப் பாத்துக்கிட்டு இருந்தாரு, தாடை இறுகிப்போய். கூடை வந்திச்சு. வெள்ளைத் துணியை எடுத்து சாமி முதல் பன்னை என் கையில வச்சாரு. இராயப்பர் பிட்டுப் பக்கத்தில உள்ளவருக்குக் குடுக்கணும், வழக்கம். பன் இன்னும் மெத்துன்னு இருக்கு. என் கை அதில பட்டிருக்கு, காலையில பட்டது போக இப்பவும் பட்டிருக்கு. பிட்டேன். கையை நீட்டினேன். நீட்டினா, எங்க அப்பா சுவர் மேல பொட்டலம் வச்சது ஞாபகம் வருது, இதையும் நாற்காலிக் கை மேல வச்சிருவமா, தள்ளி உக்காந்துக்குவமா, அவரே எடுத்தா எடுக்கட்டும்னு. வைக்கல. நீட்டின கையை நீட்டினபடி வச்சிருந்தேன். அண்ணாச்சி அதைப் பாத்தாரு. என் முகத்தைப் பாத்தாரு. வாங்க மாட்டாருன்னுதான் நெனச்சேன். கை நீண்டிச்சு, வாங்கிட்டாரு. மடியில வச்சுக்குவாரு, வீட்டுக்குப் போற வழியில எங்கயாவது போட்டிருவாரு, மரியாதைக்கு வாங்கியிருக்காருன்னு நெனச்சேன். அவரு மடியில வைக்கல. வெத்திலைகூடத் தொடாத மனுஷன், பெரிய வியாழக்கிழமை, பூசை நடுவுல, பீடத்துக்கு முன்னால, ஊரு மொத்தமும் பாக்க, அதை அப்படியே வாயில போட்டுட்டாரு. வியாகுலம் பதறிப்போயி, "அண்ணாச்சி, நற்கருணை, நற்கருணை"ங்கறான். அவரு கண்டுக்கிடல. கண்ணு கலங்கி இருக்கு, வாய் மட்டும் அசையுது, நிதானமா மென்னாரு, முழுங்கினாரு. அப்புறம் என் பக்கம் திரும்பி, டீக்கடையில எப்பவும் சொல்ற அதே குரல்ல சொன்னாரு, "உப்பு போடலியேவே மனுவேலு."